மூடி தூக்கிய வட்டம்

ஜூன் 17, 2025 – செவ்வாய்

செம்பூரில் மூன்று மணி நேரம். பத்மஜா மேடத்தின் மாவுக் கூடத்தில் ஊறின உளுந்து வாசனை, ஈரத் தரை, இயந்திரச் சத்தம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். வங்கி வேலையை விட்டுவிட்டு இட்லி மாவு விற்கிறார். கம்பெனிக்குப் ‘பூரிப்பு’ என்று பெயர். சின்னம், எழுத்து, பாக்கெட் மூன்றும் என் பொறுப்பு.

கொண்டுபோன மாதிரிப் பாக்கெட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிடித்திருக்கிறது. ஜூலை 12 அச்சுக்குப் போகலாம் என்றார். கிளம்பும்போது ஒன்று சேர்த்தார்.

“அந்தக் கதை சொன்னியே சஃப்ரீன், அதைக் கேட்டப்புறம்தான் நான் சரின்னேன். அதையே பாக்கெட் பின்னாடி போட்டுடலாம். எண்பது வார்த்தை. உங்க அம்மா ஃபோட்டோவும் குடு.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

கதை இதுதான். ஒரு நாள் காலையில் உம்மா அடுக்களைக்குள் போனாள். ராத்திரி பொங்கிய மாவு பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து நான் வரைந்ததுதான் சின்னம் – ஒரு வட்டம், அதன் தலையில் ஒரு கீற்றை நறுக்கி, இடது முனை ஒட்டியிருக்க வலது முனையை மட்டும் கொஞ்சம் தூக்கிவைத்தது.

ஏப்ரலில் மேடத்தைப் பார்க்கப் போன டாக்ஸி சயான் சிக்னலில் நின்றபோது கட்டிய கதை. வடிவம் முதலில் வந்தது, கதை பிறகு. இந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான்.

ஜூன் 18

உம்மாவிடம் சொன்னேன்.

“ஏளா, நான் எப்ப மாவரைச்சேன்? தொண்ணூறடி ரோட்டுக் கடையில வாங்கித்தானே ஊத்துதேன்?”

“தெரியும் உம்மா.”

“பொறவு? எம் போட்டோவக் கவர்ல போட்டா அந்தக் கடைக்காரன் என்ன நினைப்பான்? இந்தம்மா எங்கிட்டதான வாங்குதுன்னு சிரிக்க மாட்டானா?”

வாப்பா சோற்றில் கை வைத்தபடி அடக்க முடியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு தட்டை ஒதுக்கிவைத்தேன்.

ஜூன் 20

எண்பது வார்த்தை எழுத உட்கார்ந்தேன். பன்னிரண்டோடு நின்றுவிட்டது.

கேஷவ் பின்னால் வந்து நின்றார். எங்கள் ஸ்டூடியோ அவருடையது. வீட்டில் தமிழ்தான் பேசுவார், ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. இந்த நோட்டு என் மேஜையில் திறந்து கிடந்தாலும் எனக்குப் பயமில்லாதது அதனால்தான்.

“அரே, எதையாவது எழுதிடு. எல்லாரும் கதைதான் சொல்றா. யாரு செக் பண்ணப் போறா?”

யாரும் செக் பண்ணப் போவதில்லைதான். ஆனால் எனக்கே ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துவிட்டது. உம்மா இல்லை, மாவு இல்லை. அப்படியானால் அந்த வட்டம் நிஜமாகவே எங்கிருந்து வந்தது?

எனக்குத் தெரியவில்லை. விசித்திரமாக இருக்கிறது. என் கை வரைந்தது, எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 21 – சனி

விடுமுறை. இந்த வருஷத்து வரைநோட்டுகளை எல்லாம் கட்டிலில் பரப்பினேன்.

என் வடிவங்கள் எப்படிப் பிறக்கும் என்று எனக்குத் தெரியும். அசிங்கமாகப் பிறக்கும். முதலில் பெயரின் எழுத்தை வரைவேன், நூறு தடவை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள், எழுத்து என் கைக்குப் பழக்கம். பிறகு இடது கையால். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. பத்துப் பதினைந்து நாள் குப்பையாக வரும். அதில் ஒரு குப்பை திடீரென்று திரும்பி என்னைப் பார்க்கும். அதுதான்.

‘பூரிப்பு’ நோட்டில் ‘பூ’ இருக்கிறது, முப்பத்தேழு ‘பூ’. கரண்டி, இட்லித் தட்டு, நீராவி எல்லாம் இருக்கிறது. பிப்ரவரி 11ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினால் – வட்டம். முழுசாக, கச்சிதமாக, கீற்றின் கோணம் உட்பட. முந்தின பக்கத்தில் அதன் சாயல்கூட இல்லை. அடித்தல் இல்லை, திருத்தம் இல்லை. ஒரே இழுப்பு.

அன்றைக்குச் சந்தோஷத்தில் ஓரத்தில் ‘வந்துட்டான்!’ என்று வேறு எழுதியிருக்கிறேன்.

எங்கிருந்துடா வந்தாய்?

ஜூன் 24

நான்கு நாளாக வட்டம் பார்த்துக்கொண்டு அலைகிறேன். வேலை ஓடவில்லை, ஆனால் இவ்வளவு உற்சாகமாக இருந்து நாளாயிற்று.

மாட்டுங்காவில் மழைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்க மறுத்து, இரும்பு மூடியை உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்தது. மூடி ஒரு பக்கம் எழும்பி எழும்பி விழுந்தது. குடையோடு பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். அழகு. ஆனால் அது இல்லை. மூடி தனி, குழி தனி. என்னுடையதில் கீற்று ஒரு முனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாஹிம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் தகர டப்பாவில் சமோசா கொண்டுவந்து மூடியை நெம்பித் திறந்தார். கிட்டத்தட்ட. ஆனால் அதற்குக் கீல் இருந்தது.

பிறகு வாப்பாவின் தோல் பட்டறை. சின்ன வயசில் ஸ்கூல் விட்டு வந்து அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். தோலில் வட்டம் வட்டமாக வெட்டி எடுத்ததும் மிச்சத் துண்டில் ஓட்டைகள் இருக்கும், அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்ப்பேன். ஒருவேளை அதுவோ? தோல் வெட்டும் பிரஸ்ஸில் நிற்கும் தப்ரேஸ் பாயைக் கேட்டேன். கத்தி சரியாக இறங்காவிட்டால் வட்டம் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு தொங்குமாம். அப்படி ஒன்றைக் காட்டச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“வாப்பாகிட்ட சொல்லிராத,” என்றார்.

அவர் தப்பு பண்ணுகிறாரா என்று பார்க்க வந்ததாக நினைத்துவிட்டார். பாவம். புரியவைக்க அரை மணி ஆயிற்று. வாப்பா எட்டிப் பார்த்தார்.

“என்னத்தளா தேடுத?”

“ஒரு வட்டம், வாப்பா.”

“அதுக்கு ஏன் இந்த முழி முழிக்க? இந்தா, டப்பா நெறைய கெடக்கு. அள்ளிட்டுப் போ.”

அள்ளிக்கொண்டு வந்தேன். எதுவும் அது இல்லை.

ஜூன் 26

கேஷவ் இரண்டு தடவை கேட்டுவிட்டார். எண்பது வார்த்தை. இன்னும் பன்னிரண்டு.

ஜூன் 28 – சனி

கிடைத்துவிட்டது.

மொபைலில் பதினோராயிரம் படங்கள் இருக்கின்றன. கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்துவைப்பது என் வழக்கம். கடைப் பலகை, ரயில் பெட்டியின் கைப்பிடி, சுவரில் பாசி. பிப்ரவரி 11இலிருந்து பின்னோக்கிப் போனேன். காலையில் ஆரம்பித்தேன், சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்போது 2023 ஜூலைக்கு வந்திருந்தேன்.

ஆபீஸில் அப்போது என்னோடு வரைந்துகொண்டிருந்த மாலதியின் பிறந்தநாள். கேக். மாலதி கத்தியோடு சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைப் பலகை. அதில் நீல மார்க்கரில் ஆறு வடிவங்கள்.

நாலாவது.

பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டம். கீற்று. இடது முனை ஒட்டி, வலது முனை தூக்கி. கோணம்கூட அதேதான். கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். முடி அளவு வித்தியாசம்.

இப்போது ஞாபகம் வருகிறது. பெயின்ட் கடை ஒன்றுக்காக அவள் வரைந்தவை அவை. டப்பா மூடி திறக்கிற மாதிரி. கேஷவ் ஆறையும் வேண்டாம் என்றார். பலகை ஒரு வாரம் அழிக்கப்படாமல் இருந்தது. என் நாற்காலிக்கு நேர் எதிரே.

ஜூன் 29

நான் திருடவில்லை. அல்லாஹ் மேல ஆணையா எனக்குத் தெரியாது. படம் எடுத்ததே கேக்குக்காகத்தான். ஒண்ணரை வருஷம் கழிச்சு கை தானா வரைஞ்சா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? எல்லாரும் எதையாவது பார்த்துத்தானே –

வட்டத்தில் கீற்று. யாருக்கும் தோன்றலாம்.

அதே கோணத்திலா?

ஜூலை 1

கேஷவிடம் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஸோ? இங்க உக்காந்து, இங்க சம்பளம் வாங்கிண்டு வரைஞ்சா. அது ஸ்டூடியோது. சட்டப்படி ஒண்ணும் இல்லை.”

“சட்டம் கேக்கல சார். பின் பக்கத்துல என் உம்மா கதையைப் போடப் போறாங்க.”

“போடட்டுமே. சஃப்ரீன், அக்டோபர்லேர்ந்து உன்னை டீம் லீட் ஆக்கறதா இருக்கேன். இப்போ வாயைத் திறக்காதே. ப்ளீஸ்.”

மாலதி இங்கிருந்து போனது எப்படி என்று யோசித்தேன். அவள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது இதே மேஜையில் இதே குரலில்தான், “முதல்ல ரெஸ்ட் எடு, பின்னாடி பாத்துக்கலாம்,” என்றார். அந்தப் பின்னாடி வரவே இல்லை. நானும் இரண்டு மாதம் போன் பண்ணினேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

ஜூலை 5 – சனி

விக்ரோலியில் மாலதி வீட்டுக்குப் போய்வந்தேன்.

மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்தவுடன், “என்னடி, வழி தெரிஞ்சிருச்சா?” என்றாள். இடுப்பில் குழந்தை. அவள் கணவர் ஜெயராம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பேச வேண்டியிருக்கிறது என்று முகத்திலேயே கண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்.

சுற்றிவளைக்க வராது எனக்கு. பாக்கெட்டை எடுத்து வைத்தேன். பக்கத்தில் மொபைலில் கேக் படம்.

இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள்.

“நாலாவதா? எனக்கு ரெண்டாவதுதான் புடிச்சிருந்துச்சு.”

பிறகு சிரிப்பு நின்றது. பாக்கெட்டைத் திருப்பினாள். பின் பக்கம் காலி.

“இங்க என்ன வரும்?”

சொன்னேன். உம்மா, மாவு, மூடி. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யைத் திரும்பச் சொல்வது – பத்மஜா மேடத்திடம் சொன்னபோது எவ்வளவு சுலபமாக வந்தது!

“தெரியாம வந்திருச்சு மாலதி. சத்தியமா.”

“தெரியும். தெரிஞ்சு எடுத்திருந்தா மாத்தி எடுத்திருப்ப. நீ கெட்டிக்காரி.” பாக்கெட்டை என் பக்கம் தள்ளினாள். “இப்ப என்ன வேணும் ஒனக்கு? பரவால்லடின்னு நான் சொல்லணுமா?”

அவளே பதிலும் சொன்னாள்.

“சொல்ல மாட்டேன். பரவால்லாம இல்ல. நான் இங்க உக்காந்து வாட்ஸாப்புல கல்யாணப் பத்திரிகை பண்ணிட்டிருக்கேன். என் வட்டம் கடை கடையா போப்போகுது.”

எழுந்து உள்ளே போனாள். கிளம்பச் சொல்கிறாளோ என்று பையை எடுத்தேன். ஒரு நோட்டோடு வந்தாள். 2023.

“நான் எங்கருந்து எடுத்தேன்னு நீ கேக்கவே இல்லையே?”

நோட்டைத் திறந்தாள். இளநீர். பக்கம் பக்கமாக இளநீர். ஸ்டேஷனுக்கு வெளியே இளநீர் வெட்டுகிறவர் காயின் தலையை முழுசாகச் சீவி எறிய மாட்டாராம். ஒரு முனையில் ஒட்டியபடி விட்டு, மூடியை மெல்ல மடக்கித் திறந்து ஸ்ட்ரா போட்டுக் கொடுப்பாராம். தூசி விழாமல் இருக்க. அதைத் தினம் பார்த்திருக்கிறாள். முதலில் நிஜ இளநீர் போலவே. பிறகு முட்டை மாதிரி. பிறகு உடைந்த சட்டி மாதிரி. மூடி வலப்பக்கம் ஒட்டி, இடப்பக்கம் ஒட்டி, ரொம்பத் திறந்து, திறக்காமலே. நாற்பத்திரண்டு பக்கம். சிலவற்றின் மேல் பெரிய குறுக்குக் கோடு. ஒன்றின் கீழே ‘தூ’ என்று எழுதியிருந்தாள்.

என் நோட்டில் ஏன் ஒரு அடித்தல்கூட இல்லை என்று இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். என் அடித்தல்கள் எல்லாம் அவள் நோட்டில் இருந்தன.

ஆச்சரியத்தில் எதற்கு வந்தேன் என்பதே மறந்து, “இந்தப் பக்கத்துல ஏன் சாய்ச்ச? இங்க ஏன் விட்ட?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். அவளும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கால் மணி நேரம் பழையபடி பேசிக்கொண்டிருந்தோம். குழந்தை அழுதுகொண்டே படியேறும் சத்தம் கேட்டதும் அவளுக்குக் கோபம் ஞாபகம் வந்துவிட்டது. நோட்டை மூடினாள்.

“போ. அவங்ககிட்ட என்ன சொல்லுவியோ, அது ஒன் பாடு.”

ஜூலை 6

உம்மா கேட்டாள், “ஏன் மொகம் இப்படி இருக்கு?” ஒண்ணும் இல்லை என்றேன். நம்பவில்லை.

ஜூலை 8

செம்பூர். மேடம் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு மாவின் புளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மாலதி, பலகை, இளநீர்.

அமைதியாகக் கேட்டார். “சரி. இதெல்லாம் நடக்கறதுதான். பேர் போட்டா போச்சு.” பெருமூச்சு விட்டேன். அதற்குள் அடுத்த கேள்வி. “அப்போ உங்க அம்மா?”

“அது பொய், மேடம். எங்க வீட்டுல மாவு கடையிலதான் வாங்குறோம்.”

தொப்பியைக் கழற்றினார். அந்த முகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

“என் பொண்ணுக்கு சொன்னேன் அந்தக் கதையை. என் நாத்தனார் ஆத்துக்குப் போய் சொன்னேன். வேலைக்கு வர பொண்ணுகள் எல்லாருக்கும் சொன்னேன். வட்டத்தை யார் வரைஞ்சா என்ன? அந்தக் கதைக்காகத்தானே நான் அதை வாங்கினேன்?”

வடிவத்துக்காக இத்தனை நாள் தூக்கம் கெட்டவள், கதையைப் பற்றி ஒரு நிமிஷம்கூடக் கவலைப்படவில்லை. அந்தக் கதைதான் எனக்கே எனக்கென்று நான் செய்தது.

ஜூலை 12

அச்சுக்குப் போகவில்லை. மேடத்திடமிருந்து போன் இல்லை. மேடத்திடம் நான் சொன்னது தெரிந்து கேஷவ் என்னோடு பேசுவதில்லை. என் டீயை மட்டும் வழக்கம்போல மேஜைக்கு அனுப்புகிறார்.

ஜூலை 16 – புதன்

மேடம் கூப்பிட்டார். இரண்டே நிமிஷம்.

“பின்னாடி கதை வேண்டாம். இட்லி எப்படி வேக வைக்கறதுன்னு போட்டுடலாம். முன்னாடி எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்தப் பொண்ணோட நம்பரைக் குடு. அடுத்ததா அடை மாவும் ஆப்ப மாவும் வரப்போறது, அவகிட்டயே நேரா பேசிக்கறேன்.”

கேஷவுக்கும் அவரே சொல்லியிருக்கிறார். மத்தியானம் கேஷவ் வந்து என் மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். கத்தவில்லை.

“நீ நல்லவளாயிட்ட. க்ளையன்ட் போயிடுத்து.”

லீட் என்ற பேச்சு இனி இல்லை. அக்டோபர் வரை ஃபிளாட் விற்கிறவர்களின் விளம்பரத் தாள்தான் எனக்கு. நீச்சல்குளம், நீலவானம், சிரிக்கிற குடும்பம்.

வருத்தமா? ஆமாம். வாப்பாவிடம் சொன்னேன். “ஒம் பொருளு இல்லன்னு தெரிஞ்சா குடுத்துரணும். அதுக்கு ஏன் அழுத?” என்றார். அழவில்லை என்றேன். அழுதுகொண்டுதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 2 – சனி

மாட்டுங்காவில் ஒரு கடை. குளிர்பெட்டியில் ‘பூரிப்பு’.

ஒரு மாமி ஒன்றை எடுத்து, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, தேதியைப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சின்னத்தைப் பார்க்கவே இல்லை.

நான் ஒன்றை எடுத்துத் திருப்பினேன். பின் பக்க மூலையில் பொடி எழுத்தில்: சின்னம் – மாலதி. எழுத்து யாருடையது என்று இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. பொய். தோன்றியது. கேட்கவில்லை.

வாங்கிக்கொண்டு வந்தேன். உம்மா ஊற்றிக் கொடுத்தாள். “நம்ம கடைய விட நல்லாருக்கு,” என்றாள் மெதுவாக, கடைக்காரன் காதில் விழுந்துவிடும் போல.

ஆகஸ்ட் 9

மாலதி போன்.

“அடை பாக்கெட் பண்றேன். எனக்குத் தமிழ் எழுத்தை அழகா வரைய வராதுன்னு ஒனக்குத் தெரியும்ல. ‘டை’ போடச் சொன்னா நண்டு மாதிரி வருது. வாரியா?”

“கோவம் போயிருச்சா?”

“எழுத்துக்குத்தான் கூப்பிட்டேன். வாரியா இல்லையா?”

கேஷவிடம் சொல்லாமல் செய்யப் பிடிக்கவில்லை. திங்கள்கிழமை சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 11

சொன்னேன். கேஷவ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சனிக்கிழமை உன்னோடது. என் கம்ப்யூட்டரைத் தொடாதே.” பிறகு, போகிற போக்கில், “மாலதி நன்னா இருக்காளா?” என்றார்.

ஆகஸ்ட் 23

விக்ரோலியில் இரண்டாவது சனி. ‘டை’ சரியாகிவிட்டது. குழந்தை என் பென்சிலைத் தின்றது. பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. வேலை ஓடியது.

செப்டம்பர் 6 – சனி

இன்று ஆப்பத்துக்கான சின்னம். மாலதி காலையிலிருந்து ஒன்றையே வரைந்துகொண்டிருந்தாள். ஒரு வளைவு, உள்ளே இன்னொன்று, ஓரம் மட்டும் மெலிந்து கிழிந்த மாதிரி. பதினோரு மணிக்குத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

“ஏய், இதப் பாரு. ரொம்ப சுலபமா வந்திருச்சு. பயமா இருக்கு. எங்கயோ பாத்த மாதிரி இல்ல? ஒன்னோடதா?”

என் நோட்டுகளைக் கொட்டினேன். அவளுடையவற்றையும். இரண்டு மொபைலையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். குடையா என்றேன். காளானா என்றாள். ஜெயராம் எட்டிப் பார்த்து, “குழந்தை காது மாதிரி இருக்கு,” என்றார். இருவரும் எழுந்து ஓடிப்போய்த் தூங்குகிற குழந்தையின் காதைக் குனிந்து பார்த்தோம். இல்லை. ஆனால் எவ்வளவு நல்ல காது!

நான்கு மணி வரை தேடினோம். கிடைக்கவில்லை.

மேடத்துக்கு அனுப்ப வேண்டும். நான் தட்டினேன், அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வரைந்தது மாலதி, எழுத்து சஃப்ரீன் என்று போட்டேன்.

“எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே?” என்றேன்.

“தெரியலன்னு எழுது,” என்றாள்.

எழுதினேன்.